வேலித் தகவல்

மாசி 5, திங்கள்

முருங்கைக் கிளை ஒன்று துணி காயும் கொடிமேல் சாய்ந்துவிட்டது. வெட்டக் கூடாது. மார்கழி முதல் ஆனி வரை எங்கள் ஊரில் மரத்தின் மீதும் வேலியின் மீதும் இரும்பு படக் கூடாது. குளத்துக்கு வரும் நாரைகளும் கூழைக்கடாக்களும் குஞ்சு பொரித்து, வளர்த்து, பறக்கப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போகும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். வனத்துறையும் ஊரும் சேர்ந்து எடுத்த முடிவு. பிரமு தன் பழைய சேலையால் கிளையை இழுத்துக் குளியலறைச் சன்னலில் கட்டிவிட்டாள். திருடனைப் பிடித்துக் கட்டிவைத்தது போலிருக்கிறது. சொன்னேன். "மனைவி கட்டுனது உங்களுக்கு எதுதான் அழகா இருந்துச்சு?" என்றாள்.

குளக்கரை அறிவிப்புப் பலகையின் வாசகம் என் கைபட்டது. பாளையங்கோட்டை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவன் என்பதால் கொண்டுவந்து காட்டினார்கள். 'பறவைகள் கூடு கட்டும் காலத்தில் மரங்களை வெட்டக் கூடாது' என்று மட்டும் இருந்தது. 'வேலிகளையும்' என்று சேர்த்தேன். 'வெட்டுதல், கழித்தல், ஒடித்தல், எரித்தல்' என்று விரித்தேன். சட்டம் என்றால் ஓட்டை இருக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள். அப்போது யாருக்கும் வயலில் வேலை இல்லை.

பிசானப் பருவத்து நெல் பழுத்துவிட்டது. எங்கள் குளத்துத் தண்ணீரில் பறவை எச்சம் கலந்து வருவதால் உரம் போடவேண்டியதில்லை. ஆனால் பயிர் தேவைக்கு மேல் வளர்ந்து, தலை கனத்து, தாள் வளைய ஆரம்பித்துவிட்டது. ஒரு மழை போதும், மூன்று ஏக்கரும் படுத்து, சேற்றிலேயே முளைவிட்டுவிடும். அறுவடை மெஷினுக்குப் புரோக்கர் கந்தவேலிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்றார்.

மாசி 7, புதன்

மெஷினின் அகலத்துக்கு ஒரு மூங்கிலை நறுக்கிக்கொண்டு வயல் பாதையில் நடந்து பார்த்தேன். தார்ச்சாலையிலிருந்து என் வயலுக்கு இருப்பது இந்த ஒரு பாதைதான். இரண்டு பக்கமும் சித்தப்பா மகன் சொரிமுத்துவின் கொடுக்காப்புளி வேலி. நடுவழியில் மூங்கில் சிக்கிக்கொண்டது. கொடுக்காப்புளி இரண்டு புறமிருந்தும் வளைந்து, தலைக்குமேல் கைகோத்து, முள்ளால் ஒரு பந்தல் போட்டிருந்தது.

சொரிமுத்து தோப்புக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, கம்பத் தூக்கிட்டு அலையுதீரு? சர்வேயர் வேலையும் பாக்கீரா?"

"வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி மெஷின் வருதுடே. வேலிய ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டா நல்லாருக்கும்."

"ஒதுக்கிரலாமே. எம் அருவா வனத்துறை ஆபீஸ்ல கெடக்கு. நீரு போயி வாங்கிட்டு வாரும். இந்தா வெட்டுதேன்."

விஷயம் இதுதான். வருடாவருடம் கார்த்திகையிலேயே அவன் வேலியைக் கழித்துவிடுவான். போன கார்த்திகை முழுக்க மழை. மழை விட்டபோது மார்கழி பிறந்திருந்தது. இரண்டு நாள்தானே என்று அரிவாளை எடுத்தான். நாலு கிளை விழுவதற்குள் வனக்காவலர் ஜெபராஜ் பைக்கில் வந்து நின்றார். அரிவாள் போயிற்று, அபராதமும் கட்டினான். யாரோ போன் செய்திருக்கிறார்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

அவன் வயல் சாலையை ஒட்டி இருப்பதால் போன வாரமே அறுத்துவிட்டான். வைக்கோல்கூடக் கட்டியாயிற்று.

மாசி 9, வெள்ளி

வனத்துறை அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தேன். கூடு இல்லாத வேலி என்று காவலர் பார்த்து எழுதிக்கொடுத்தால் கழிக்க அனுமதி உண்டாம். நியாயமான ஏற்பாடு. மாலையே ஜெபராஜ் வந்தார். மரியாதையான மனிதர், வயது முப்பதுக்குள் இருக்கும். எல்லோரையும் அண்ணாச்சி என்பார், அபராதம் எழுதும்போதும்.

கிழக்கு வேலியில் ஒன்றுமில்லை. மேற்கு வேலியில், வாய்க்கால் பக்கம், சரியாக மூங்கில் சிக்கிய இடத்தில் எட்டிப் பார்த்தவர் அசையாமல் நின்றுவிட்டார்.

"கூடு இருக்கு அண்ணாச்சி."

"என்ன பறவை? நாரையா?"

"தவிட்டுக்குருவி. மூணு முட்டை. என்னா நீலம், பாருங்க!"

கடல் தாண்டி வரும் விருந்தாளிகளுக்காகப் போட்ட சட்டம் என்று நினைத்திருந்தேன். தவிட்டுக்குருவி எங்கள் கொல்லையில் சோற்றுப் பருக்கை பொறுக்கித் தின்கிற ஜாதி. அதையும் சொன்னேன்.

"போர்டுல பறவைன்னுதானே அண்ணாச்சி போட்டிருக்கு. பேரு போடலியே" என்றார். பலகையைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. "ஒரு பக்கம் கூடு இருந்தா மொத்த வேலிக்கும் அனுமதி கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

மாசி 10, சனி

பிரமு வடகம் பிழிந்து காயப்போட்டாள். மேகம் வந்தது, எடுத்தாள். வெயில் வந்தது, போட்டாள். சாயங்காலம் வரை இதே வேலை. மேகம் தெற்கிலிருந்து வருகிறது.

மாசி 11, ஞாயிறு

கை அறுப்புக்கு ஆள் தேடினேன். மேலத்தெருவில் கேட்டேன், கீழத்தெருவில் கேட்டேன். கதிர் அரிவாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் ஆபரேஷன். ஒருவர் திருப்பூரில் மகன் வீட்டில். மூன்றாமவர் என்னைவிட மூத்தவர், "நீரு அறுத்தா நான் கட்டுதேன்" என்றார்.

வயலில் கீழ்மூலை சாய்ந்துவிட்டது. காற்றுக்கே சாய்ந்துவிட்டது. போன வருடமும் அந்த மூலை சாய்ந்துதான் அறுக்காமல் விட்டோம். இந்த முறை மூன்று ஏக்கரும் அப்படிப் போனால் அடுத்த விதைப்புக்கு விதைநெல்கூட இருக்காது. பிரமு இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நெல் கொட்டும் அறையைப் பெருக்கிச் சாக்குகளை உதறி அடுக்கி வைத்திருக்கிறாள். கேட்டிருக்கலாம்.

வானொலியில் குமரிக்கடலில் காற்றழுத்தம் என்றார்கள்.

மாசி 12, திங்கள்

சொரிமுத்து வீட்டுக்குப் போனேன். கிழக்கு வேலியையாவது கழிக்க ஜெபராஜிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டால் மனம் இளகலாம் என்று தோன்றியது. வேலிக்காரன் வாயிலிருந்து வந்தால் அதற்கு மதிப்பு. அவனும் ஆச்சரியமாகச் சரி என்றான். அவன் மனைவி காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி.

ஜெபராஜுக்குப் போன் போட்டேன். சொரிமுத்துவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஜெபராஜ், நான் பேச ஆரம்பிக்கும் முன்பே.

"யாருன்னு தெரியுதா? ஆறுமுகநயினார் பேசுதேன்."

"தெரியாமலா? உங்க நம்பரு எங்கிட்ட மார்கழிலேர்ந்தே இருக்கே. அன்னைக்கு நீங்க பேரு சொல்லல, அதனால 'வேலி தகவல்'னு போட்டு வச்சிருந்தேன். நீங்கதானா அது! நல்ல காரியம் பண்ணீங்க அண்ணாச்சி. உங்கள மாதிரி ஊருக்கு நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல."

சிக்னல் சரியில்லை. ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'வேலித் தகவல்' என்று ஒற்று மிகவேண்டும். அதைச் சொல்ல அது நேரமில்லை.

சொரிமுத்து காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். சத்தமே இல்லாமல் வைத்தான். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை.

மாசி 13, செவ்வாய்

சொரிமுத்து பாதையில் எதிரே வந்தான். வேலிப் பக்கமாக ஒதுங்கிப் போனான். திட்டியிருந்தால் இங்கே குறித்திருப்பேன்.

மாசி 14, புதன்

காலையில் கந்தவேல் போன். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் வண்டி வருது. சனிக்கிழமையிலேர்ந்து மழைங்காங்க. அதனால உங்க ஊரு ஒரே நாளுதான். மத்தியானத்துக்குள்ள வயல்ல எறங்கலன்னா தேனிக்கு ஏத்தி விட்டுருவேன். பெறகு சித்திரையிலதான் பாக்கணும்."

சித்திரையில் என் வயலில் அறுக்க நாற்றுதான் இருக்கும்.

பாதை சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே கொல்லையில் போய் நின்றேன். பிரமு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முருங்கைக் கிளை சேலையால் கட்டுண்டு, வழிவிட்டு, ஒரு இலைகூட உதிராமல் நின்றது.

வெட்டுதல், கழித்தல், ஒடித்தல், எரித்தல். நான்கையும் விரல் விட்டுப் பார்த்தேன். கட்டுதல் இல்லை.

பிரமுவிடம் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"பத்து நாளா இந்தக் கிளைக்குக் கீழதானே குனிஞ்சு குளிக்கப் போனீங்க. இப்பதான் தெரிஞ்சுதாக்கும்?"

"தெரிஞ்சு என்ன செய்ய? சொரிமுத்து தென்னையிலதான் கட்டணும். அவன் தோப்புக்குள்ள கால் வைக்கணும்."

"போய்க் கேளுங்க."

"அவனுக்கு இப்ப வேலை இருக்கும்."

பிரமு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வடகத்தில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளே போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. டப்பா வரவில்லை.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"உண்மையச் சொன்னேன்" என்று அரிசி களையப் போய்விட்டாள். எந்த உண்மை என்று நான் கேட்கவில்லை.

மாசி 15, வியாழன்

சொரிமுத்துவிடமிருந்து பதில் இல்லை. வீட்டிலுள்ள கயிறு எல்லாவற்றையும் எடுத்து முடிச்சுப் போட்டேன். கிணற்றுக் கயிறு, பசுவின் பழைய தும்பு, கொடிக் கயிறு. பிரமு பீரோவைத் திறந்து பழைய சேலைகளை எடுத்து வைத்தாள். எங்கள் கல்யாணச் சேலையும் அதில் இருந்தது. "அது வேண்டாமே" என்றேன். "முள்ளுக்கு அதுதான் தாங்கும். பட்டு" என்றாள்.

மாலையில் மேகம் குளத்துக்கு மேலேயே நின்றது. நாரைகள் அண்ணாந்து பார்க்கவில்லை. அவை நிம்மதியாக இருக்கின்றன.

மாசி 16, வெள்ளி

இதை வலது கையால் எழுத முடியவில்லை. இடது கையால் மெதுவாக எழுதுகிறேன்.

விடிந்ததும் லாரி வந்து மெஷினைத் தார்ச்சாலையில் இறக்கியது. டிரைவர் மாதையன், தருமபுரிக்காரர், பாதையை ஒரு முறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, இது பாதைங்களா, குகைங்களா?"

"கட்டி ஒதுக்கிரலாம்."

"யாருங்க கட்டறது?"

நானும் பிரமுவும் ஒரு மூட்டைச் சேலையும் நின்றோம். அப்போது சொரிமுத்து தோப்பின் படலைத் திறந்தான். தோளில் வண்டிக் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"மதினி, நீங்க கெழக்கால வாங்க. சேலைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா கட்டு நான் போடுதேன்" என்றான்.

கிழக்கு வேலி சீக்கிரம் முடிந்தது. கிளைகளைக் கத்தையாகச் சேர்த்து, சேலையால் சுற்றி, தென்னை மரங்களில் இழுத்துக் கட்டினான். பிரமுவின் முப்பது வருடச் சேலைகள் தோப்பு முழுக்க வரிசையாக நின்றன. மாம்பழ நிறக் கல்யாணப் பட்டுக்கு நடுவில் நின்ற தென்னை கிடைத்தது.

மேற்கில்தான் சிக்கல். அங்கே வேலிக்குப் பின்னால் வாய்க்கால், கட்டுவதற்கு மரமில்லை. கூடும் அங்கேதான். அதிகம் இழுத்தால் கூடு சரிந்து முட்டை உருளும். குறைவாக இழுத்தால் மெஷின் கூண்டோடு அள்ளிப் போகும். கையால்தான் பிடிக்கவேண்டும்.

சொரிமுத்து இரண்டு கயிறு போட்டான். ஒன்றை என் முன்னால் நீட்டினான். நான்கு நாளுக்குப் பிறகு பேசினான்.

"எறங்கும் வாய்க்கால்ல. இது உம்ம கயிறு, அது என் கயிறு. நீரு விட்டீருன்னா கூடு போச்சு, வேலிக்காரன்னு கேஸு எம்மேல. நான் விட்டேன்னா முள்ளு மொத்தமும் உம்ம மூஞ்சியில. சரியா?"

சரியான ஒப்பந்தம். நான் திருத்த ஒன்றுமில்லை.

முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தோம். கிளை மெல்ல விலகியது. கூடு ஒரு கை தூரத்தில், கண்ணுக்கு நேராக இருந்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தலைக்குமேல் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தன. தூரத்தில் கரையில் ஜெபராஜ் நின்றிருந்தார். பைனாகுலரை வைத்துக் குளத்தின் நடுவே ஒரு கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை முழுக்க எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கூழைக்கடாவை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெஷின் உள்ளே நுழைந்தது. பாதி வந்து நின்றது. மேலே ஏதோ குழாய் சிக்கிக்கொண்டது.

"இன்னும் ஒரு கை இழுங்க! அப்படியே வெச்சிருங்க, நான் பார்த்துக்கறேன்!" என்று மாதையன் கத்திவிட்டு மேலே ஏறினார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. முள் ஒன்று கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"அண்ணாச்சி."

"என்னடே?"

"மார்கழில போன் போட்டது யாரு?"

"நீதான் கேட்டியே ஸ்பீக்கர்ல."

"அவன் சொன்னதக் கேட்டேன். நீரு சொல்லணும்."

"இப்ப கேக்குற கேள்வியாடே இது? மெஷின் போகட்டும்."

"மெஷின் போனா நீரும் போயிருவீரு. இப்பதான் உம்மால எங்கயும் போக முடியாது." அவன் கயிறு ஒரு விரல் தளர்ந்தது. முள் கன்னத்தில் ஏறியது.

மெஷின் சத்தத்தில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது. கயிற்றை மறுபடி இறுக்கினான்.

"எதுக்கு?" என்றான்.

"போன வருசம் வேப்பங்குச்சி ஒடிச்சதுக்கு என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு வெளக்கம் எழுதி வாங்குனாங்கள்லா. எம் போர்டக் காட்டியே கேட்டாங்க. பல்லு தேய்க்க ஒரு குச்சி! அதை நீதானே சொன்னே?"

சொரிமுத்து என்னை முதன்முறையாக முழுதாகப் பார்த்தான். பிறகு சிரித்தான். சிரித்தால் கயிறு ஆடும் என்பது அவனுக்குத் தெரியாதது அல்ல.

"குச்சிக்கா! ஒரு குச்சிக்கா என் அருவாளப் பிடிச்சுக் குடுத்தீரு? நானா? மதினி உம்மகிட்டச் சொல்லவே இல்லியா வே?"

குழாய் விடுபட்டது. மெஷின் எங்களைத் தாண்டி வயல் பக்கம் போயிற்று. கிளையை மெல்ல, மிக மெல்ல, பழைய இடத்துக்கு விட்டோம். சொரிமுத்து எட்டிப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான். பிறகு எனக்குக் கை கொடுத்துக் கரையேற்றினான். அடிவாங்கவும் தயாராகத்தான் இருந்தேன்.

போன மெஷின் திரும்பியும் வரவேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். சாயங்காலம் இன்னொரு முறை வாய்க்காலில் நின்றோம். பேசவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் "குச்சி!" என்று சொல்லி அவனாகச் சிரித்துக்கொண்டான்.

கடைசிச் சாக்கு வீட்டுக்குள் போனபோது தூறல் விழுந்தது.

மாசி 17, சனி

நல்ல மழை. கீழ்மூலை மட்டும் அறுபடாமல் தண்ணீரில் கிடக்கிறது. அது போனது போனதுதான். மற்றதெல்லாம் நெல் அறையில், நடக்க இடமில்லாமல் இருக்கிறது.

பிரமு ஊசியால் என் கன்னத்து முள்ளை எடுத்தாள். அசையக் கூடாது என்றாள். அப்போதுதான் வேப்பங்குச்சியைப் பற்றிக் கேட்டேன்.

"நாந்தான்" என்றாள், ஊசியை நிறுத்தாமல். "அந்த ஜெபராஜ் தம்பி தண்ணி குடிக்க வந்தாரு. சும்மா இருக்காம, எங்க வீட்டுக்காரரும் காலங்காத்தால மரத்தோட மல்லுக்கட்டித்தான் பல்லு தேய்க்காரு, அவரையும் பிடிச்சிட்டுப் போங்கன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். எழுதிக்கிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எம்மேல யாருக்குப் போன் போட்டுருப்பீங்களோ!"

இந்த வீட்டில் இப்போது பல்பொடிதான்.

மாசி 20, செவ்வாய்

சொரிமுத்து காலையிலேயே வந்துவிட்டான். அவன் அரிவாளைத் திருப்பித் தரக் கோரி வனத்துறைக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றில் சிறந்தது என்று அதைச் சொல்வேன். வாசித்துக் காட்டினேன். "அருவாளு மேலயே எனக்கு மரியாத வந்துட்டு" என்றான். மேற்கு வேலியில் முட்டை பொரித்துவிட்டதாம். மூன்றும் வாயைத் திறந்தபடியே இருக்கின்றன என்றான்.

அந்த நேரம் பார்த்து ஜெபராஜ் பைக்கை நிறுத்தினார். கையில் ஒரு தாள்.

"ஆபீஸ்ல ஒரு பேச்சு வந்துச்சு அண்ணாச்சி. ஊர்ல யாரோ வேலியக் கட்டி இழுத்தாங்களாம், நான் பாக்கல. போர்டுல அதுக்கு ஒரு வார்த்த இல்லியாம். கட்டுதல், வளைத்தல், இந்த மாதிரி ஏதாவது சேக்கணும்னு ரேஞ்சர் சொல்லுதாரு. உங்கள விட்டா யாரு எழுதுவா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒழுங்காகச் செய்வதென்றால் கட்டுதல், வளைத்தல், ஒதுக்குதல், தாங்கிப் பிடித்தல் என்று நான்கு சொற்கள் வேண்டும். நான்கும் வரிசையாக மனதில் வந்து நின்றன. அழகாக நின்றன. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"நல்லா எழுதும் அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து. "அடுத்த வருசமும் உம்ம நெல்லு அங்கனதான் வெளையும்."

கொல்லையில் பிரமு துணி உதறும் சத்தம் நின்றது.

"கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன் தம்பி" என்றேன் ஜெபராஜிடம். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது."

ஜெபராஜ் என் மூக்கைப் பார்த்தார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. அவர் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவசரம் இல்ல அண்ணாச்சி. மெதுவாத் தேடுங்க. ஆனி கழியட்டும்."